வாகூரா, வரகூரா? புதையல் தேடும் காதல் நாவல் எழுதுபவருக்கு

கேள்வி இது: புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஒரு காதல் சாகச நாவல். பழங்காலப் புதையலை ஒரு பெண்ணும் ஓர் ஆணும் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். எதிரிகளாகத் தொடங்கிக் காதலர்களாக வேண்டும். புதையலும் குறிப்பும் தோண்டுவதும் சட்டமும் வாசகர் நம்பும்படி இருக்க என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஓட்டத்தில் போட்டி போடக் கூடாது, வாசிப்பில் போட்டி போட வேண்டும். ஜீப் துரத்தலும் துப்பாக்கியும் வைத்தால் யார் முன்னே போனார் என்பது மட்டும்தான் கதை. ஒரே குறிப்பை இருவரும் இரண்டு விதமாகப் படித்து, இரண்டுக்கும் நியாயமான காரணம் இருந்தால், ஒருவர் மனம் எப்படி வேலை செய்கிறது என்று மற்றவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். காதல் அந்த இடத்தில்தான் நுழையும். நல்ல வேளையாக, பழைய தமிழ் எழுத்துமுறையே அந்த வசதியைக் கையில் கொடுக்கிறது.

பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். இதைவிட முக்கியமானது, ஆகாரக் காலும் ரகர எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியானால் வகரம், ஒரு கோடு, கூ, ர் என்று ஓலையில் இருப்பதை ‘வாகூர்’ என்றும் படிக்கலாம், ‘வரகூர்’ என்றும் படிக்கலாம். வாகூர் என்பது புதுச்சேரியில் உள்ள இன்றைய பாகூரின் பழைய பெயர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளே அந்த ஊர்ப் பெயரில்தான் அறியப்படுகின்றன. வரகூர் என்ற பெயரிலோ தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு.

இதை நாவலின் அச்சாணியாக வையுங்கள். மூல ஓலை ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இரண்டு குடும்பத்தார் அதைத் தாளில் படியெடுத்தார்கள். தாளில் எழுதும்போது காலா, ரகரமா என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். நாயகியின் கொள்ளுத்தாத்தா காலாக எடுத்துக்கொண்டு ‘வாகூர்’ என்று எழுதினார். நாயகனின் கொள்ளுத்தாத்தா ‘வரகூர்’ என்று எழுதினார். மூல ஓலை செல்லரித்துப் போய்விட்டது. இப்போது இரண்டு குடும்பமும் எதிர்க் குடும்பம் வேண்டுமென்றே பெயரை மாற்றி ஏமாற்றிவிட்டது என்று மூன்று தலைமுறையாக நம்புகின்றன. உண்மையில் யாரும் பொய் சொல்லவில்லை. இந்த ஓர் உண்மையை நாயகி கண்டுபிடிக்கும் அத்தியாயம்தான் நாவலின் நடுப்பகுதி. அதற்கு முன்னால் முத்தம் கித்தம் எதையும் வைக்காதீர்கள்.

ஓலையை மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டு, முந்நூறு வருஷம் கழித்து முழுசாக எடுக்க வைப்பது பலர் செய்யும் தவறு. இந்தக் கடற்கரை ஈரத்தில் ஓலை சில வருஷம்கூடத் தாங்காது. வீட்டுப் பரணில், எண்ணெய் தடவி, அவ்வப்போது எடுத்துக் கையாண்ட ஓலைதான் இருநூறு முந்நூறு வருஷம் நிற்கும். நின்றாலும் ஓரம் நொறுங்கும், பூச்சி துளைக்கும். மண்ணுக்குள் இருக்க வேண்டிய குறிப்பு என்றால் செப்பேடோ கல்லோதான். இரும்புப் பெட்டியும் வேண்டாம். உப்புக்காற்று மண்ணில் அது துருவாகக் கரைந்து, சிவந்த கறையும் ஆணித் தலைகளும் மட்டும் மிஞ்சும். செம்புப் பாத்திரம் பச்சைக் களிம்பு ஏறி நிற்கும், வெள்ளி கறுத்துப்போகும், தங்கம் மட்டும் புதைத்த அன்று இருந்த நிறத்தில் இருக்கும். பச்சை பிடித்த சொம்பின் மூடியைப் பெயர்க்கும்போது உள்ளே மஞ்சள் அப்படியே இருப்பதைக் காட்டுங்கள். அதற்கு மேல் வருணனை தேவையில்லை.

இப்போது புதையல். அரிக்கமேட்டில் ரோமானியத் தங்கம் குவியலாகக் கிடைக்கிறது என்று எழுதத் தோன்றும். வேண்டாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேட்டின் புகழ் தங்கத்தால் வந்ததல்ல. 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது காலத்தைக் கணிக்க உதவியது இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மெருகுப் பானை ஓடுகள்தான். மதுச்சாடி உடைசல்கள், தமிழ் பிராமி கீறிய ஓடுகள், கண்ணாடி மணிகள், கல்மணிகள் இவைதான் அந்த இடத்தின் செல்வம். பிறகு 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அகழ்ந்தார். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் அது. உங்கள் நாயகனும் நாயகியும் அங்கே இரவில் மண்வெட்டி எடுத்தால் வாசகர் அவர்கள்மேல் வைத்த மரியாதை போய்விடும். பாகூர் மூலநாதர் கோயிலும் அப்படித்தான், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு.

ஆனால் அரிக்கமேட்டுச் செங்கல்லை முற்காலத்தில் ஊரார் தோண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே பல சுவர்கள் இன்று சுவராக இல்லை, செங்கல்லை உருவிய பள்ளமாகத்தான் தெரிகின்றன. வெள்ளிக்கோளின் சூரியக் கடப்பைப் பார்க்க வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல்கூட, அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினம் பக்கம் கண்ட பெரிய பழஞ்செங்கற்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆகவே கற்பனையை இந்த இடத்தில் நுழைக்கலாம்: 1750களில் செங்கல் தோண்டிய ஒருவருக்கு ரோமானியப் பொற்காசுச் சொம்பு ஒன்று கிடைத்தது. 1760இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருங்கியபோது அவர் அதை வேறிடத்தில் மறைத்தார். பழங்காலப் பொருள், 18ஆம் நூற்றாண்டு ஒளிப்பிடம். இரண்டு காலமும் ஒரே குழிக்குள் வந்துவிடும்.

எடையைக் கவனியுங்கள். திரைப்படத்துப் பெட்டி நிறையத் தங்கம் என்பது நடக்காத காரியம். 60 லிட்டர் பிடிக்கும் ஒரு டிரங்குப் பெட்டியில் பொற்காசு நிரப்பினால், இடைவெளி போக 600 கிலோவுக்கு மேல் வரும். அகஸ்டஸ் காலத்து ரோமானியப் பொற்காசு ஒன்று ஏறத்தாழ 7.8 கிராம். நீரோ கி.பி. 64ஆம் ஆண்டில் எடையைக் குறைத்த பிறகு 7.3 கிராம் அளவுக்கு வந்தது. 180 காசு என்று வைத்தால் 1.4 கிலோ. அது எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? ஒரு காபி டம்ளர். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த பெரிய குவியலிலேயே 501 காசுகள்தான், சுமார் நான்கு கிலோ. அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும். இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது பலரும் சொல்லும் விளக்கம். உங்கள் நாயகியின் உள்ளங்கையில் அந்த வெட்டுள்ள காசு ஒன்றை வையுங்கள். மூக்கின் நடுவே ஓடும் கோடு, அதன் ஓரத்தில் தங்கம் லேசாக மேலே எழும்பி விரலை உரசுவது. அவ்வளவு சின்னப் பொருளுக்காகத்தான் மூன்று தலைமுறைப் பகை.

காலக்குறிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். ஓலையில் ‘விக்கிரம வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1760ஆகவும் இருக்கலாம், 1820ஆகவும் இருக்கலாம். 1820இல் புதுச்சேரி அமைதியாக இருந்தது, அவசரமாக மறைக்கக் காரணமில்லை. 1760 ஆவணி என்றால் கதை மாறுகிறது. செப்டம்பரில் ஊரைச் சுற்றியிருந்த முள்வேலி அரண் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நவம்பர் கடைசியில் தானியம் தீர்ந்து பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி ஊர்மக்களை வெளியே அனுப்ப, அவர்கள் இரண்டு படைக்கும் நடுவே நாட்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். 1761 ஜனவரி 1ஆம் தேதி புயலில் ஆங்கிலேயர் கப்பல்கள் பல சிதைந்தன. ஆனாலும் ஜனவரி 16இல் ஊர் சரணடைந்தது, பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. ஆவணிக்குள் எடுத்துப் போனவரால்தான் சொம்பைக் காப்பாற்றியிருக்க முடியும். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1761 வரை போகிறது. அந்தக் காலத்து வழக்குமொழி, வராகன், பணம் என்ற நாணயங்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் அழைத்த விதம் எல்லாவற்றுக்கும் அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஓலைக் குறிப்பை எழுதுமுன் அதில் ஐம்பது பக்கமாவது வாசியுங்கள்.

அடுத்தது அளவு. ‘மதகுக்குத் தெற்கு நாற்பது கோல்’ என்று குறிப்பு இருக்கட்டும். கோல் என்றால் எத்தனை? பழைய கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் வருகிறது, பதினாறு சாண் கோலும் வருகிறது. சாண் ஒன்பது அங்குலம் என்று கொண்டால் முதல் கோல் 9 அடி, இரண்டாவது 12 அடி. நாற்பது கோல் ஒன்றில் 110 மீட்டர், மற்றதில் 146 மீட்டர். இடையே 36 மீட்டர். சில கோயில் சுவர்களில் அந்த ஊர் அளவுகோலையே கோடாக வெட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் உருவாக்கும் கற்பனை ஊர்க் கோயிலிலும் அப்படி ஒன்று இருக்கட்டும், அதன்மேல் பல அடுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கட்டும்.

எல்லை சொல்லும் மரபும் புதியவரைக் கவிழ்க்கும். ‘கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கு’ என்று வந்தால், நிலத்தின் கிழக்கு எல்லை அந்த வாய்க்கால், நிலம் அதற்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். அவசரக்காரர் ‘கீழ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போய்விடுவார். நாயகனின் முதல் தோல்விக்கு இதுவே போதும்.

இந்த 36 மீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வட்டாரம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. பாகூர் பக்கம் போனால் ஒரு வயல் புதுச்சேரி, அடுத்தது கடலூர் மாவட்டம், மறுபடி புதுச்சேரி. 110 மீட்டர்ப் புள்ளி புதுச்சேரிக்குள்ளும் 146 மீட்டர்ப் புள்ளி கடலூர் மாவட்டத்துக்குள்ளும் விழும்படி ஊரை வரையுங்கள். நடுவில் சர்வே கல். கோலின் நீளம் மாறினால் மாநிலமே மாறும், பதிவேடு மாறும், போலீஸ் மாறும்.

நாயகனைக் கடலூர் முதுநகரைச் சேர்ந்த நில அளவையராக வைத்தால் இது இன்னும் பொருந்தும். கடலூரின் பழைய எல்லையே பீரங்கியால் அளந்தது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அவற்றைக் குண்டு கிராமங்கள் என்பார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாயகனுக்கு எஃப்எம்பி என்ற புல வரைபடம், நிலம் அளக்கும் செயின், லிங்க் எல்லாம் கை வந்த கலை. பழைய எழுத்து தெரியாது. அவளுக்குக் கல்வெட்டும் கிரந்தமும் தெரியும், வயலில் வடக்கு எது என்று கேட்டால் யோசிப்பாள். இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் ஒருவர் இன்னொருவருக்குத் தேவையே இல்லை.

பேச்சு விஷயத்தில் அதிகக் கவனம் வையுங்கள். தமிழில் காதல் வளர்வதைக் காட்ட ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கும் படி ஒன்று போதும். தொடக்கத்தில் இருவரும் மரியாதையையே ஆயுதமாக வீசட்டும்.

“சார், அது வரகூர் இல்ல. வாகூர்.”

“அப்ப எங்க கொள்ளுத்தாத்தா தப்பா எழுதிட்டாருன்றீங்களா, மேடம்?”

“தப்பா எழுதல. தப்பா படிச்சிருக்காரு.”

இந்தக் கடைசி வரியை அவள் முதலில் குத்தலாகச் சொல்ல வேண்டும். இருபது அத்தியாயம் கழித்து, தன் கொள்ளுத்தாத்தாவும் அதே ஓலையை ஊகித்துத்தான் படித்தார் என்று தெரிந்த பிறகு, அதே வரியை அவனுக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ‘சார்’, ‘மேடம்’ போய்ப் பெயர் வரும், பெயருக்குப் பின் ஒருவர் மட்டும் ‘நீ’ என்பார், மற்றவர் ‘நீங்க’ என்பதிலேயே நிற்பார். அந்த ஏற்றத்தாழ்வு மூன்று நான்கு காட்சிக்கு நீடிக்கட்டும். சண்டை வந்ததும் இருவரும் பட்டென்று ‘நீங்க’ என்று திரும்பட்டும். வாசகருக்கு வலிக்கும், ஒரு வரி விளக்கம்கூட வேண்டாம்.

தோண்டும் காட்சிக்கு வருவோம். ஒருவர் ஒரே இரவில் ஆளுயரக் குழி வெட்டினார் என்று எழுதாதீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை மீட்டர் என்றாலே மூன்றரை கன மீட்டர் மண், ஐந்தரை டன்னுக்குக் குறையாது. பழகிய ஆளுக்கே ஒரு முழு நாள் வேலை. மணல் கலந்த மண்ணில் இடுப்பளவு போனதும் பக்கச் சுவர் சரியும், ஆளை மூடிவிடும். படிப்படியாக வெட்டினால்தான் தப்பலாம், அப்போது மண் இன்னும் இரண்டு பங்கு. ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். ஏரி வற்றி, நீர்மட்டம் இறங்கியிருக்கும் வைகாசி, ஆனிதான் சரியான காலம். செஞ்சி வரை போகும் சுரங்கப்பாதை என்று ஊரில் கதை இருக்கலாம், பாத்திரங்கள் பேசிக்கொள்ளலாம். ஆனால் இந்த நீர்மட்டத்தில் காய்ந்த சுரங்கத்துக்குள் யாரையும் நடக்க விடாதீர்கள். மெட்டல் டிடெக்டரும் மந்திரக்கோல் அல்ல. தனிக்காசு என்றால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம்தான் எட்டும். செம்புப் பாத்திரம் என்றால் கொஞ்சம் கூட. உப்பு ஈர மணலில் சும்மாவே கத்தும்.

குழியில் படபடப்பை உண்டாக்க வேண்டியது பாம்பு அல்ல, மண்ணின் நிறம். ஒருமுறை வெட்டி மூடிய குழியின் மண் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாது. கலங்கி, தளர்ந்து, வேறு நிறத்தில் வட்டமாகத் தெரியும். அந்தக் கலங்கல் மண்ணுக்குள் கிடைக்கும் பொருட்களில் எது கடைசிக் காலத்தையதோ, அதற்கு முன்னால் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது. தொல்லியலின் அடிப்படை விதி இது. இதை வைத்து இரண்டு காட்சி எழுதலாம். 110 மீட்டர்ப் புள்ளியில் தோண்டும்போது, கலங்கல் மண்ணில் 1835 என்று பொறித்த கம்பெனி காலணா கிடைக்கிறது. அந்தக் குழியை 1760இல் மூடவில்லை. 1835க்குப் பிறகு யாரோ இதே தப்பான கோலை வைத்து இதே இடத்தில் தோண்டியிருக்கிறார்கள். ஒருவேளை அவள் தாத்தாவின் தகப்பனாரே. 146 மீட்டரில் கிடைப்பதோ ஒரு பக்கம் அல்லிப்பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்றும் உள்ள பிரெஞ்சுச் செம்புத் துட்டு. அதற்குப் பிந்திய பொருள் ஒன்றுகூட இல்லை. அவள் துட்டைத் துடைத்துப் படிக்கிறாள், அவன் இன்னும் அளவுநாடாவைப் பிடித்தபடி நிற்கிறான்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழம்பொருளைக் கடத்தி விற்பவன் ஒருவன் போதும். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983இலிருந்தே இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. நரபலி கேட்கும் புதையல் பூதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மூடநம்பிக்கையால் உண்மையிலேயே உயிர்கள் போயிருக்கின்றன, அதைச் சுவைக்காகப் பயன்படுத்துவது சரியில்லை.

புதையல் உள்ள நிலம் யாருடையது என்பதை முதல் அத்தியாயத்திலிருந்தே விதையுங்கள். அது ஓர் ஆயாவின் பட்டா நிலமாக இருக்கட்டும். இவர்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டவர், இருவரையும் “ஏம்மா”, “ஏம்பா” என்று அழைப்பவர். அவர் சம்மதத்தோடு, மோட்டார் கொட்டகைக்குக் கடைக்கால் எடுக்கும்போது சொம்பு வெளிவரட்டும். உண்மையில் பெரும்பாலான காசுக் குவியல்கள் ஏர் உழும்போதோ வீடு கட்டும்போதோதான் கிடைத்திருக்கின்றன.

கடைசிக் கட்டத்துக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே நல்ல நாடகம். மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, பங்கும் போய்விடும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை விசாரிக்க நாள் குறிப்பார். அது நான்கு மாதத்துக்கு முன்னால் வராது, ஆறு மாதத்தைத் தாண்டாது. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். காசுகள் அருங்காட்சியகத்துக்குப் போகும், ஆயாவின் கால் பங்கில் கொட்டகைக்கு மேல் வீடே எழும்பும்.

அந்த நான்கு முதல் ஆறு மாதக் காத்திருப்பு உங்களுக்குக் கிடைத்த வரம். தேட ஒன்றும் இல்லாதபோது இவர்கள் சந்திக்க என்ன சாக்கு இருக்கிறது? அந்தக் கேள்வியில் நான்கைந்து அத்தியாயம் எழுதலாம். அதற்கு முன்னால், சொம்பு வெளிவந்த அன்று மாலை, ஆயா வீட்டுத் திண்ணையில் ஆட்சியருக்குக் கடிதம் எழுதும் காட்சியைத் தவறவிடாதீர்கள். ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் யார் பெயர்? எழுத்து அவளுடையது. தன் பெயருக்கு முன்னால் அவன் பெயரை எழுதி, தாளை அவன் பக்கம் திருப்பி, “தப்பில்லாம இருக்கான்னு படிச்சுப் பாரு” என்கிறாள். ‘பாருங்க’ இல்லை, ‘பாரு’.